நின்றபடி எடுத்த அளவு

புரட்டாசி 4, சனிக்கிழமை

இன்று மதியம் பன்னிரண்டே காலுக்கு நான் கீழே விழுந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் சௌந்தரராஜன், மாவிளக்குக்கு முன்னால் கைகூப்பியபடி. அவர் தங்கை ரங்கநாயகி, துளசித் தட்டோடு. மகன் சாரங்கன், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு. மருமகள் மேகலா, சர்க்கரைப் பொங்கல் உருளியோடு சமையலறை வாசலில். அப்புறம் நான், கோமளவல்லி. ஆக ஐந்து பேர். பெருமாளைச் சேர்த்தால் ஆறு. பின்னால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிவார்கள் என்பதால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

நடந்தது இதுதான். நாலரைக்கு எழுந்து குளித்தேன். மாவு இடித்து, பெருமாளுக்குப் படைக்க ஐந்து வகைத் தளிகை செய்து முடிக்கும்வரை உட்காரவில்லை. முதல் சனிக்கிழமை என்று வாயில் தண்ணீர்கூட விடவில்லை. கற்பூரம் காட்டும்போது காது அடைத்தது. கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பு நடுவை நோக்கி வந்தது. அடுத்துத் தெரிந்தது கன்னத்தில் தரையின் குளிர்ச்சி.

ரங்கநாயகி எனக்குச் சாமி வந்துவிட்டதாக நினைத்து, "கோவிந்தா, கோவிந்தா. யார் வந்திருக்கீங்க, சொல்லுங்க" என்று கேட்டாள். காதில் விழுந்தது, வாய் வரவில்லை. வந்திருந்தால், உன் அண்ணிதான் வந்திருக்கேன், தள்ளி நில்லு என்று சொல்லியிருப்பேன். சாரங்கன் வாசல் சாவிக்கொத்தை என் கையில் திணித்தான். இரும்பு பட்டால் தெளியுமாம். அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் மறுபடி கறுப்பு, மறுபடி விழுந்தேன். மூன்றாம் முறை தூக்க வந்தபோது மேகலாதான், "விடுங்க மாமா, படுத்தே இருக்கட்டும்" என்றாள். படுத்த இரண்டாம் நிமிஷம் தெளிந்தது. அவளைப் பெருமைப்படுத்த எழுதவில்லை. நடந்ததால் எழுதுகிறேன்.

சாயங்காலம் அப்பாவும் பிள்ளையுமாகத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இனி நான் அடுப்படிக்குப் போகக்கூடாது. வாசலைத் தாண்டித் தனியாகப் போகக்கூடாது.

"வயசாயிடுச்சும்மா, ஒத்துக்க" என்றான் சாரங்கன்.

எனக்கு ஐம்பத்தாறு. ஒத்துக்கொள்ளச் சொல்ல இவன் யார். கார்த்திகைக் கடைசி வரைக்கும் இந்தக் கால் நின்றாக வேண்டும். எனக்கு ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

சிலிண்டர் இன்று மாற்றியது. போனது நாற்பத்தொரு நாள் வந்தது.

புரட்டாசி 5, ஞாயிறு

ரங்கநாயகி காலையிலேயே வந்து வியாதியைச் சொல்லிவிட்டாள். "பி.பி.தான் அண்ணி. எங்க அண்ணனுக்கு இருக்கறதுதான் உங்களுக்கும் வந்திருக்கு. உப்பைக் குறைங்க. அண்ணன் மாத்திரையில பாதி போட்டுக்கங்க, ஒண்ணும் பண்ணாது."

எங்கள் தெருவில் பி.பி. என்றால் அது ஏறுவது மட்டும்தான். உப்பைக் குறை என்று அவள் சொன்னதும் மேகலா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

ஆனி மாதத் திருவோணத்திலிருந்து நான் உப்பு சேர்ப்பதில்லை. திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பனுக்கு உப்பில்லாமல்தான் தளிகை. அவருக்கு நேர்ந்துகொண்டு உப்பை விடுவது எங்கள் பக்கத்தில் உண்டு. வீட்டில் கேட்டபோது குடும்ப க்ஷேமத்துக்கு என்று சொன்னேன். அவரும், "நல்லதுதான், உப்பு உடம்புக்கு ஆகாது" என்று விட்டுவிட்டார்.

நோட்டில் பொய் எழுத எனக்கு வராது. க்ஷேமம் யாருக்கு என்றால் ஓசூரில் நர்ஸாக இருக்கும் வஞ்சுளாவுக்கு. என் பெண். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஜாதி இல்லாத பையனைக் கட்டிக்கொண்டாள். அன்று அவர் என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, அவளோடு பேச மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். சுவரில் இருந்த அவள் படம் போய் ஆணி மட்டும் நிற்கிறது. ஆனி மாதத்தில் ஒருநாள் மேகலா கைப்பேசியைத் திறந்தபடி மாவு அரைக்கும் இடத்தில் மறந்து வைத்துவிட்டுப் போனாள். அதில் வஞ்சுளா. மாசமாக இருக்கிறாள், கார்த்திகைக் கடைசியில் நாள் என்று எழுதியிருந்தது. அவள் பிழைத்து, பிள்ளையோடு இந்த வாசல்படி ஏறும் வரை உப்பைத் தொட மாட்டேன் என்று அன்று சொல்லிவிட்டேன்.

மேகலா இப்படி அடிக்கடி கைப்பேசியை மறந்து வைக்கிறாள். சின்ன வயசில் இவ்வளவு மறதி ஆகாது.

பாதி மாத்திரை போட்டுக்கொண்டேன்.

புரட்டாசி 8, புதன்

மாத்திரை நாலாம் நாள். எழுந்ததும் சுவரைப் பிடித்தேன். பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கை நீளவில்லை.

புரட்டாசி 9, வியாழன்

அவருக்கென்று சாரங்கன் வாங்கிக் கொடுத்த பி.பி. பார்க்கும் மிஷினை எடுத்து என் கையில் சுற்றினேன். 84/54 என்றது. மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு யோசித்து அவர் கையில் சுற்றினேன். 142/88. அது அவருக்கு வழக்கமாக வருவதுதான். ஆகவே மிஷின் சரி. கெட்டது நான்.

"எனக்கு இறங்கிக் கிடக்குங்க. ஏறல" என்றேன்.

"மிஷினுக்கு என்ன தெரியும்" என்றார். இத்தனை நாள் அதே மிஷினைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்.

இறங்கிக் கிடப்பவளுக்கு இறக்குகிற மாத்திரை. நாலு நாளாக விளக்கில் எண்ணெயை ஊற்றாமல் திரியைப் பிடுங்கியிருக்கிறோம். மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை.

இதற்கென்று ஒரு புது நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். படுத்து எடுத்தது, நின்று எடுத்தது. படுத்திருக்கும்போது தெளிவும் நிற்கும்போது கறுப்பும் வருவதால் அளவும் இரண்டு வேண்டும் என்று தோன்றியது. அந்த நோட்டை வஞ்சுளா படம் இருந்த ஆணியில் கயிறு கட்டி மாட்டினேன். சும்மா நிற்கிற ஆணிதானே.

புரட்டாசி 13, திங்கள்

மாத்திரை நிறுத்தி நாலு நாள். படுத்து 102/64, நின்று 78/50. இன்னும் சரியில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். "சனிக்கிழமை பாக்கலாம்" என்றான் சாரங்கன். "விரதம் முடியட்டும்" என்றார் அவர். பத்து மணிக்கு அவர் நூலகம் போனார். பத்தே காலுக்கு நான் டவுன் பஸ்ஸில் இருந்தேன். வாசல் பூட்டியிருந்தது. ஆனால் அன்று என் கையில் திணித்த சாவிக்கொத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லையே.

டாக்டரம்மா பெயர் தில்ஷாத். என்னைவிட இளையவள். நோட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான்."

"நர்ஸ் வேலை பார்த்திருக்கீங்களா?"

"எட்டாவது. அதுவும் முழுப்பரீட்சை எழுதல."

"படுத்து ஒண்ணு, நின்னு ஒண்ணு எடுக்கணும்னு யார் சொன்னா?"

"விழறது நிக்கும்போதுதானே டாக்டரம்மா."

அவள் சிரித்துவிட்டுத் தானும் அதே மாதிரி எடுத்துப் பார்த்தாள். படுக்க வைத்து ஐந்து நிமிஷம், நிற்க வைத்து ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம். பிறகு எனக்குப் புரிகிறபடி சொன்னாள். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

"பி.பி. கம்மியா இருக்கறது மட்டுமே வியாதி இல்லம்மா. சிலருக்கு எப்பவும் தொண்ணூறுதான், அவங்க பாட்டுக்கு ஓடியாடிட்டு இருப்பாங்க. கிறுகிறுப்பு, மயக்கம், விழறதுன்னு வந்தாதான் ஏன்னு தேடணும். நாம எழுந்து நின்னா ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே ரத்தக்குழாய் இறுகி மேல தள்ளணும். உங்களுக்குத் தள்ளறதுக்கு உள்ள தண்ணியும் இல்ல, அதுக்கு மேல வீட்டுக்காரர் மாத்திரை வேற குழாயைத் தளர்த்திடுச்சு. படுத்ததுக்கும் நின்னதுக்கும் இருபது குறைஞ்சாலே கணக்குல எடுப்போம். உங்களுக்கு இருபத்திநாலு."

அடுத்தவர் மாத்திரையைப் போட்டதற்குத் திட்டு வாங்கினேன். நியாயமான திட்டு. இதயத்துக்குப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயம், சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் சரி. ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை.

"சாப்பாட்டுல உப்பு எப்படிம்மா?"

"சேக்கறதில்ல."

"கம்மியாவா?"

"இல்லவே இல்ல. ஆனியிலேர்ந்து."

பேனா நின்றது. என் கழுத்துத் துளசி மாலையைப் பார்த்தாள்.

"நேர்த்தியா?"

தலையாட்டினேன்.

"உங்க வீட்டுக்காரருக்கு உப்பு விஷம். உங்களுக்கு இப்ப அதுதான் மருந்து. எல்லாருக்கும் நான் இப்படிச் சொல்ல மாட்டேன், உங்க இதயமும் சிறுநீரகமும் நல்லா இருக்கறதால சொல்றேன்." சீட்டு எழுதிக்கொண்டே, "எங்க வீட்லயும் நோன்பு உண்டும்மா. முடியாதவங்க விட்டுட்டு அப்புறம் பிடிக்கலாம்னு எங்களுக்கு வழி வச்சிருக்கு. உங்களுக்கு எப்படின்னு நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். "எங்க விழுந்து கிடக்கியோன்னு தேடறோம்" என்று அவர் கத்தினார்.

"எங்கயும் கிடக்கல. பஸ்ல நின்னுட்டே வந்தேன்" என்றேன். அது பொய். உட்கார்ந்துதான் வந்தேன். இங்கே திருத்திவிடுகிறேன்.

புரட்டாசி 16, வியாழன்

டாக்டரம்மா சொன்னபடி எழுந்திருப்பதை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். கண் விழித்துப் படுத்தபடியே பாதத்தை இருபது தரம் ஆட்டுவது. கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து ஒரு பாசுரம் சொல்வது. பிறகு எதையாவது பிடித்து நின்று இன்னொரு பாசுரம். ஒரு நிமிஷம் என்று கடிகாரம் பார்ப்பதைவிட இது எனக்குச் சுலபம். எழும் முன் ஒரு சொம்புத் தண்ணீர். நாளைக்குப் பத்து டம்ளர், சுவரில் கோடு போடுகிறேன். ஒரே மூச்சில் வயிறு முட்டச் சாப்பிடாமல் நாலு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சம். வெந்நீர் குளியல் வேண்டாம். காலுக்கு முழங்கால் வரை இறுக்கமான உறை.

"அண்ணி ஃபுட்பால் ஆடப் போறாங்க" என்றாள் ரங்கநாயகி.

"கோல் கீப்பருக்கு ஆள் வேணும், வர்றியா" என்றேன்.

எல்லாம் செய்கிறேன். உப்பு மட்டும் இல்லை. படுத்து 104/66, நின்று 84/54. இன்னும் இருபது வித்தியாசம். பெருமாளே, நீ பார்த்துக்கொள்வாய் என்றுதான் இருக்கிறேன்.

புரட்டாசி 18, சனி

மூன்றாம் சனிக்கிழமை. முக்காலி போட்டு உட்கார்ந்தபடி தளிகை செய்தேன்.

"பெருமாளுக்கு உக்காந்துண்டா சமைக்கறது?" என்று கேட்டாள் ரங்கநாயகி.

"ஸ்ரீரங்கத்துல அவர் படுத்துண்டே சாப்பிடறாரே, அதைக் கேட்டியா?"

அவர்கூடச் சிரித்துவிட்டார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதியம் சாப்பிட்ட பின் பார்த்தால் இன்னும் இறங்கியிருந்தது. சாப்பாட்டுக்குப் பின் அப்படித்தான் ஆகும், கால்மணி நேரம் படு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். படுத்தேன். விரதம் இருந்த நாளில் சாப்பாட்டுக்குப் பின் படுப்பது எனக்கு முப்பத்தைந்து வருஷத்தில் இதுவே முதல் தடவை.

புரட்டாசி 22, புதன்

ரேஷன் கடை வரிசை. முன்னால் பதினேழு பேர். பத்தாவது ஆளிலேயே காது அடைத்தது. ஒரு காலை இன்னொரு கால்மேல் கத்தரி போலப் பின்னித் தொடையை இறுக்கினேன். கையை மூடி மூடித் திறந்தேன். இதுவும் நோட்டில் எழுதிக்கொண்டதுதான்.

முன்னால் நின்றவள் திரும்பி, "என்னக்கா, அவசரமா? பின்னாடி சந்துல போய்ட்டு வாங்க, இடம் பிடிச்சு வைக்கிறேன்" என்றாள்.

சிரிப்பு வந்ததில் பாதி மயக்கம் போயிற்று. மீதிக்கு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் முறைத்தார். விழுந்தால் தூக்குவீர்களா, முறைப்பீர்களா என்று கேட்டேன். இருபது நாள் முன்பு என்றால் விழுந்திருப்பேன். இன்று உட்கார்ந்தேன். இரண்டும் வேறு.

ஆனாலும் வீட்டுக்கு வந்து யோசித்தேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும்போது இப்படி வந்தால் எந்த மூட்டைமேல் உட்காருவேன்.

புரட்டாசி 24, வெள்ளி

மேகலா ஒரு டம்ளர் ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்தாள். "குளுக்கோஸ் அத்தை. தெம்பா இருக்கும்." சாயங்காலம் இன்னொன்று. கொஞ்சம் ஒரு மாதிரியான ருசி. நாலு மாதமாக நாக்கு எதையும் சரியாகச் சொல்வதில்லை. கேட்கவில்லை.

பூத்தொடுக்க நார் தீர்ந்தது.

புரட்டாசி 28, செவ்வாய்

படுத்து 110/70, நின்று 98/64. வித்தியாசம் பன்னிரண்டு. நாலு நாளாக ஏறிக்கொண்டே வருகிறது. கோயில் போய் இரண்டு நெய் விளக்கு ஏற்றினேன். உப்பு இல்லாமலே தூக்கி நிறுத்திவிட்டாய், டாக்டரம்மாவிடம் காட்டுகிறேன் பார் என்று பெருமாளிடம் சொன்னேன். பிரகாரம் மூன்று சுற்று, எங்கும் பிடிக்காமல்.

புரட்டாசி 30, வியாழன்

குப்பைக்காரர் வரும் நேரம். பையைக் கட்டும்போது உள்ளே பளபளவென்று ஏழெட்டு உறைகள். எந்தக் காகிதம் கிடைத்தாலும் படித்துவிட்டுப் போடுவது என் வழக்கம். படித்தேன். பேதிக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புக் கரைசல். முதல் வரியிலேயே சோடியம் குளோரைடு. அது என்ன என்று எட்டாவதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

மேகலாவைக் கூப்பிட்டேன். உறையைக் காட்டினேன். அவள் மறுக்கவில்லை.

"ஆமா அத்தை. உப்புதான்."

"என் நேர்த்தியைக் கெடுக்க நீ யாரு?"

"நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க."

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு. யாரைக் கேட்டு இதைப் பண்ணின?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "வஞ்சு சொல்லித்தான் கொடுத்தேன். நீங்க விழுந்ததைச் சொன்னேன். நோட்டையும் டாக்டர் சீட்டையும் படம் பிடிச்சு அனுப்பினேன். அவ நர்ஸ் இல்லையா, பாத்ததும் அழுதுட்டா. உங்க டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டுத்தான் இதை வாங்கிக் கொடுக்கச் சொன்னா. அம்மாகிட்ட உப்புன்னு சொன்னா குடிக்க மாட்டா, குளுக்கோஸ்னு சொல்லு அண்ணின்னா."

துவைத்த துணியை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

ஆரஞ்சுத் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஐப்பசி 3, திங்கள். தீபாவளி

நிறுத்தி நாலு நாள். படுத்து 100/62, நின்று 80/52. வித்தியாசம் மறுபடி இருபது. எண்ணெய்க் குளியலில் இருந்து எழும்போது கறுப்பு வந்தது. அங்கேயே ஈரத் தரையில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டேன். தீபாவளி அன்று குளியலறைக் கூரையைப் பார்த்தபடி கிடந்து கணக்குப் போட்டேன். உப்பு உள்ளே போன நாட்கள், போகாத நாட்கள். இரண்டு பத்தியும் என் கையெழுத்து. என்னால் பொய் என்று சொல்ல முடியாது. நெய் விளக்கு ஏற்றி நன்றி சொன்னேனே, அது யாருக்குப் போயிருக்கும் என்றும் யோசித்தேன்.

மதியம் சாப்பாட்டில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். "கார்த்திகை இருபதுக்கு மேல நான் ஓசூர் போறேன். வஞ்சுளாவுக்குப் பிரசவம்."

இந்த வீட்டில் இரண்டு வருஷமாக யாரும் சொல்லாத பெயர். சாரங்கன் அப்பளத்தை உடைக்காமல் கையில் வைத்திருந்தான்.

"அங்க போய் விழுந்து தொலைக்கவா?" என்றார் அவர்.

"விழாம போறதுக்குத்தான் இவ்வளவும்."

"என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணினது மறந்து போச்சா?"

"பேச மாட்டேன்னு பண்ணினேன். பேசாமலேயே பிள்ளையைக் குளிப்பாட்டி விடறேன். என் பொண்ணுக்குப் பத்தியம் வடிச்சுப் போடப் பேச்சு எதுக்கு?"

எழுந்து கைகழுவப் போனார். தட்டில் பாதி இருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் அவர் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தது இது இரண்டாம் தடவை. முதல் தடவை அவள் போன அன்று. நான் என் பங்கைச் சாப்பிட்டு முடித்தேன், உப்பில்லாமல். பிறகு கால்மணி நேரம் படுத்தேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

அளவு எடுக்க நின்றுகொண்டிருந்தேன். மூன்று நிமிஷத்தை எண்ணும்போது பாசுரம் தடுமாறியது. பின்னாலிருந்து, "இன்னும் நாப்பது செகண்ட் இருக்கு" என்று ஒரு குரல். அவர்தான். பஸ் டெப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். கையில் அந்தப் பழைய கடிகாரம். என்னைப் பார்க்கவில்லை. முள்ளை மட்டும் பார்த்தார். "ஆச்சு" என்றார். அளவை எழுதினேன். போய்விட்டார்.

சாயங்காலம் எடுக்கும்போதும் வந்தார். பேச்சு கிடையாது. "ஆச்சு" மட்டும்.

ஐப்பசி 12, புதன். திருவோணம்

இன்று திருநாகேஸ்வரத்தில் பெருமாளுக்குக் கல்யாணம். மேகலாவோடு போனேன். கூட்டத்தில் நிற்காமல் தூண் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பூமிதேவிக்கு மாலை மாற்றும்போது இத்தனை வருஷம் கேட்ட கதையை மறுபடி நினைத்துப் பார்த்தேன். மார்க்கண்டேயர் வளர்த்த பெண்ணைக் கேட்டு ஒரு கிழவர் வருகிறார். தகப்பனுக்குக் கொடுக்க மனசில்லை. சின்னப் பெண், சமையலில் உப்புப் போடக்கூடத் தெரியாது என்று சாக்குச் சொல்கிறார். அப்படியானால் உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்கிறார் வந்தவர். வந்தவர் பெருமாள்.

இதில் உப்பை விட்டது யார்? கல்யாணம் பண்ணிக்கொண்டவர். பெண்ணைப் பெற்றவள் விட வேண்டும் என்று எங்கும் இல்லை. மனசில்லாத தகப்பனும் கடைசியில் தாரை வார்த்துக் கொடுத்தார் என்றுதான் இருக்கிறது. எட்டாவது படித்தவளுக்கு இது புரிய ஐம்பத்தாறு வயசு ஆயிற்று.

சன்னதியில் நேராகவே சொன்னேன். "உன் உப்பு உனக்கு. இங்கே தருவதை இங்கே உப்பில்லாமலே சாப்பிடுகிறேன், அதில் குறை வைக்க மாட்டேன். வீட்டில் இனி எனக்கு உப்பு வேண்டும். என் பெண்ணுக்கு நான் போய் நிற்க வேண்டும். நிற்பதற்குத்தான் கேட்கிறேன், ருசிக்கு இல்லை. நான் நேர்ந்துகொண்டது அவள் பிழைக்க. அவள் என்னைப் பிழைக்கச் சொல்லி உப்பு அனுப்பியிருக்கிறாள். தப்பு என்றால் என்னோடு வைத்துக்கொள், அவளிடம் போகாதே."

தீபாராதனை ஆயிற்று. நான் எழுந்து நின்றே கும்பிட்டேன். கறுப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து மோரில் உப்புப் போட்டேன். என் கையால் போட்டேன், மேகலாவைப் போட விடவில்லை. முதல் வாய் நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு கரித்தது. மேகலா வேறு ஏதோ நினைத்துக்கொண்டு முதுகைத் தடவினாள். தடவட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நோட்டை எடுத்தால் ஓரத்தில் அவர் கையெழுத்து. டெப்போவில் எழுதுகிற மாதிரி சின்னச் சின்ன எழுத்து: "சேலம் வண்டி காலை 6.15. சேலத்தில் மாற வேண்டும். இடையில் இரண்டு இடத்தில் நிறுத்துவான், இறங்கி நடக்க வேண்டும். முன் சீட் பார்த்து உட்காரவும், காலை நீட்டலாம்."

எத்தனை பேர் போகிறார்கள் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐப்பசி 16, ஞாயிறு

படுத்து 112/70. நின்று 104/66. வித்தியாசம் எட்டு. அவர் "ஆச்சு" என்றார்.

பேச மாட்டேன் என்றுதான் சத்தியம். எழுத மாட்டேன் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நாளைக் காலைத் தபாலில் போகும் கடிதத்தின் நகல்:

சௌபாக்கியவதி வஞ்சுளாவுக்கு அம்மா எழுதுவது.

நீ கொடுக்கச் சொன்னதைக் குடித்தேன். இப்போது தெரிந்தேதான் குடிக்கிறேன். சாப்பாட்டிலும் உப்பு சேர்க்கிறேன். நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், நின்றபடி எடுத்த அளவைப் பார். வேலை செய்யும் இடத்தில் நீ ரொம்ப நேரம் நிற்காதே. இடது பக்கமாகப் படு. எழும்போது பட்டென்று எழாதே. நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரரிடம் சொல், நான் வந்து தங்குவதில் அவருக்குச் சங்கடம் இருந்தால் இப்போதே சொல்லிவிடலாம், பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வருவேன்.

அப்பா வருவாரா என்று கேட்காதே. பஸ் நேரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. டாக்டர் எந்தத் தேதி சொல்லியிருக்கிறார். உனக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது. பஸ் நிலையத்திலிருந்து உன் வீட்டுக்கு எப்படி வர வேண்டும். பதில் சீக்கிரம் போடு.